பங்கு மண்டபத்தில் நான் சொன்ன கணக்கு

ஊர்காவற்றுறையில் என்னை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன். நான் மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, கணக்கில் கலாநிதிப் பட்டம் எடுத்தவள் என்று சந்தையிலும் பஸ்ஸிலும் நின்று விளக்கினேன். "அதுவும் டொக்டர்தானே" என்று சொல்லிவிட்டுத் தங்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அலுத்துப்போய் என்பது நான் வெளியில் சொல்கிற காரணம். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பிய வீட்டில் பிறந்தவளுக்கு, பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் வழிவிட்டு நிற்பது கசக்குமா என்ன?

தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். என் ஆராய்ச்சி புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், பற்றியது. இதைச் சொன்னவுடன் கேட்பவர்களின் முகம் மாறிவிடும், குரலும் தாழ்ந்துவிடும். ஆனால் ஒரு புற்றுநோய்க் கலத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. என் கலங்கள் கணினித் திரையில் இருக்கிற நிறப் புள்ளிகள். சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தில் ஒரு கலம் இருக்கலாம். ஒவ்வொரு கலத்துக்கும் நான் இரண்டு எண்கள் கொடுப்பேன். எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பது ஒன்று, பக்கத்துச் சதுரத்துக்கு நகர எவ்வளவு சாத்தியம் என்பது மற்றது. நகருகிற நேரத்தில் பெருக முடியாது, பெருகுகிற நேரத்தில் நகர முடியாது. பிறக்கிற கலம் தாயின் எண்களை எடுத்துக்கொள்ளும், ஆனால் அச்சொட்டாக எடுக்காது, கொஞ்சம் பிசகும். அவ்வளவுதான் விதி. அதற்குப் பிறகு ஓடவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தொடக்கத்தில் நகருகிற கலங்கள் தோற்றுவிடும். அவை அலைந்துகொண்டிருக்கிற நேரத்தில் இருந்த இடத்தில் இருப்பவை பெருகி இடத்தை நிரப்பிவிடும். நிரம்பிய பிறகுதான் கதை மாறும். நடுவில் சாப்பாடும் மூச்சும் போதாமல் போகும். அங்கே இருப்பவை தங்கள் நெரிசலிலேயே சாகும். ஓரத்தில் நிற்கிற, காலெடுத்து வைக்கத் தெரிந்த கலங்கள் பிழைக்கும், அவற்றின் பிள்ளைகளுக்கும் நகரத் தெரிந்திருக்கும். யாரும் அவற்றுக்குப் பரவச் சொல்லிக்கொடுப்பதில்லை. மற்றவை இல்லாமல் போவதால் இவை மிஞ்சுகின்றன. இதில் நான் சேர்த்தது ஒரு சின்ன முடிவு. அடிக்கடி குழப்பப்படுகிற இடத்தில், அதாவது சதுரங்கள் திடீர் திடீரென்று வெறுமையாகிற இடத்தில், நகரத் தெரிந்தவை இன்னும் சீக்கிரம் வெல்லும். என் பெயரோடு வெளிவந்த முதல் உருப்படியான கட்டுரை அதுதான். அதை வைத்து நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வருடம் தவக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது பாதர் என்னைக் கூப்பிட்டு, ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் சனங்களுக்குப் புற்றுநோயைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். மாதர் சங்கத்தின் விருப்பமாம். "கட்டி கிட்டி ஏதும் தட்டுப்பட்டால் ஒளிக்காமல் உடனே போய்க் காட்டுங்கோ" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கலாம். அவர்கள் கேட்டதும் அதைத்தான். ஆனால் எனக்கு என் புள்ளிகளைக் காட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இரவல் வாங்கி, மண்டபத்து யன்னல்களுக்குப் படங்கு கட்டி இருட்டாக்கி, பெருகுபவற்றுக்கு நீலமும் நகருபவற்றுக்குச் சிவப்பும் கொடுத்து, சுவரில் ஓடவிட்டேன். சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

விளக்கம் சொல்ல எனக்கு உதாரணம் தேவைப்பட்டது. எங்கள் தீவையே எடுத்தேன். இடம் நெருக்கடியானால், கடலில் பிடிபடாவிட்டால், சண்டை வந்து குழப்பினால், யார் தப்புவார்கள்? வெளிக்கிடத் தெரிந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு நாட்டில் பிறந்து அங்கேயே பெருகுகிறார்கள். இந்தக் கலங்களும் அப்படித்தான் என்றேன். முன் வரிசைக்குப் பின்னால் ஒரு அம்மா எழுந்து, "அப்ப பாரிசிலை இருக்கிற என்ர பிள்ளை கான்சரோ?" என்று கேட்டா. மண்டபம் சிரித்து அதிர்ந்தது. "உங்கட பிள்ளை காசு அனுப்புறார் அம்மா, இது அனுப்பாது" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சமாளித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். கடவுச்சீட்டும் கையுமாகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற தாய்தகப்பன்தான் அந்த மண்டபத்தில் பாதிப் பேர். அவர்களுடைய பிள்ளைகளை நோயோடு ஒப்பிட்டது வாய்க்கொழுப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் என் முடிவைச் சொன்னேன். பல்கலைக்கழகத் தமிழில் சொன்னால் விளங்காது என்று நினைத்து ஊர்ப்பேச்சில் சொன்னேன். "ஓரிடத்திலை கிடக்கிறதைக் குழப்பக் குழப்ப, ஓடத் தெரிஞ்சதுதான் மிஞ்சும். பிறகு அதை மறிக்க ஏலாது." அழுத்தமாகச் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

முன் வரிசையில் என் அக்கா இருந்தா. அவ சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் கணவர், என் அத்தான், மற்ற ஆம்பிளைகளோடு வாசலில் நின்று கேட்டார். முடிந்ததும் வந்து, "நல்லாய்ச் சொன்னீர்" என்றார். மறுநாள் நான் திரும்பிவிட்டேன்.

அடுத்து ஊருக்கு வந்தது ஆனி மாதம், அந்தோனியார் திருநாளுக்கு. வீட்டில் ஏதோ வித்தியாசம் இருந்தது. எங்கள் அத்தான் சத்தக்காரர். கரையில் நின்று கதைத்தால் கடலுக்கு அந்தப் பக்கம் காரைநகருக்குக் கேட்கும் என்று அவரை நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்த மனுசன் வீட்டுக்குள் குசுகுசுத்துக்கொண்டு திரிந்தார். தொண்டையில் ஏதும் வருத்தமோ என்று கேட்டேன், சிரித்தார். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்ததும் அவர்தான். எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் திருவலையில் குந்தியதில்லை. அக்கா கதிரையில் இருந்து உப்பு, புளி சொல்லிக்கொண்டிருந்தா. "என்ன, மகாராணி உத்தியோகமோ?" என்று கேட்டேன்.

பின்னேரம் அத்தான் முற்றத்து வேப்பமர நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்காவின்ர நெஞ்சிலை ஒரு கட்டி. பயப்பிடாதேயும். நீர் சொன்னபடிதான் நாங்கள் ஒருத்தரையும் தொட விடேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எப்ப கண்டது, யார் பார்த்தது என்று கேட்டேன். தவக்காலம் தொடங்க முன்னமே கண்டதாம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணம் போய் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்க நாள் குறித்துக் கொடுத்தார்களாம். அந்த நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் மண்டபத்தில் என் கூட்டம். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் கதைத்து, போவதில்லை என்று முடிவெடுத்தார்களாம்.

"ஏன்?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கரைக்குக் கிட்ட மீன் கூட்டமாய் நிக்குது எண்டு வையும். நாங்கள் என்ன செய்வம்? ஒருத்தரும் சத்தம் போட மாட்டம். தண்ணியிலை ஒரு கல்லுப் போடவும் விடமாட்டம். கம்பாலை குத்தினால் அம்மாடி, ஒரு நொடியிலை கடல் முழுக்கச் சிதறியிடும். பிறகு ஒண்டையும் பிடிக்க ஏலாது. நீர் அண்டைக்கு அதைத்தானே சொன்னீர்? ஊசி எண்டாலும் கம்பு எண்டாலும் குத்துத்தானே."

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்!" என்று கத்திவிட்டேன். அவர் பதறி வாயில் விரலை வைத்தார். அப்போதுதான் அந்தக் குசுகுசுப்பின் காரணம் எனக்கு விளங்கியது. கூட்டமாக நிற்கிற மீனுக்குப் பக்கத்தில் எப்படி நடப்பாரோ அப்படித் தன் வீட்டுக்குள் அவர் நடந்துகொண்டிருந்தார். அக்காவைத் தேங்காய் திருவ விடவில்லை, நெஞ்சு குலுங்குமாம். வாளி தூக்க விடவில்லை. பள்ளமும் திட்டியுமான றோட்டில் பஸ் குலுக்கும் என்று வேலணைக்குக்கூட அவவைக் கூட்டிப்போகவில்லை. தவக்காலத்தில் இருந்து ஆனி மாதம் வரை ஒரு மனுசன் தன் மனைவியின் நெஞ்சில் இருக்கிற கட்டி கலைந்துவிடாமல் காவல் காத்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"சொன்னனீர். குழப்பக் குழப்ப ஓடத் தெரிஞ்சதுதான் மிஞ்சும் எண்டு இரண்டு தரம் சொன்னனீர். எங்கட மகனும் பாரிசிலை வீடியோவிலை கேட்டவன். சின்னம்மா சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் எண்டவன்."

கோபப்பட்டு அவரோடு சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அறியாமை, மூடநம்பிக்கை என்று ஏதாவது பெரிய சொல்லை எடுத்து அவர் தலையில் போட்டிருக்கலாம். ஆனால் அவர் என்னைத் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை. நான் சொன்ன வசனத்தைச் சொன்னபடியே எடுத்துத் தனக்குத் தெரிந்த கடலில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஊசி குத்திச் சோதிப்பது நான் சொல்கிற குழப்பம் இல்லை, அது வேறு, என் சதுரங்களில் ஊசியே கிடையாது என்பதை நான் அன்று மண்டபத்தில் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்களில் யாருக்காவது உடம்பில் கட்டி இருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சுவரில் ஓடுகிற சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து நானே மயங்கி நின்றிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. முழங்கையில் வலை சிக்கியிருந்ததைக்கூட எழுந்த பிறகுதான் கண்டேன்.

அடுத்தநாள் காலையில், அத்தான் கடலுக்குப் போன நேரம் பார்த்து அக்காவோடு கதைத்தேன். என்னைப் போலப் படிக்காதவ. எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவ. அவவுக்கு முன்னால் மடிக்கணினியை விரித்து அந்தப் புள்ளிகளைத் திரும்ப ஓடவிட்டேன்.

"இதோ கான்சர்?" என்று குனிந்து பார்த்தா.

"இல்லை அக்கா. இது கணக்கு. நான் எழுதின விதிப்படி ஓடுது. விதியை மாத்தினால் வேற மாதிரி ஓடும்."

"அப்ப என்ரை?"

"உன்ரை வேற. உன்ரையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. அதை டொக்டர்தான் பாத்துச் சொல்ல வேணும். நான் டொக்டர் இல்லை."

அக்கா கோபம் ஒன்றும் இல்லாமல், உண்மையாகவே அறிய வேண்டும் என்ற மாதிரிக் கேட்டா.

"தெரியாதெண்டால் பிறகேன் சொன்னனீ?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்லுகிறவள் நான். அன்று என் சொந்த அக்காவுக்கு முன்னால் ஓடுகிற புள்ளிகளை நிறுத்தவும் திரும்ப ஓடவிடவுமாக இருந்தேன். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், கணினியை மெல்ல மூடினா.

"சரி. போவம். எனக்கும் பயமாய்த்தான் இருக்கு, இப்ப முந்தினதிலும் பெரிசு. ஆனா ஒண்டு. அவருக்குப் பிழை எண்டு சொல்லிப்போடாதை. தான் என்னைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டு தேங்காய் திருவின மனுசன். தன்னாலைதான் சுணங்கினது எண்டு தெரிஞ்சால் அவர் உடைஞ்சு போடுவார்."

அவருடைய பிழை எதுவும் இல்லை, என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "அதுவும் வேண்டாம்" என்றா. "நீ பிழையாய்ச் சொன்னனீ எண்டு தெரிஞ்சால் இனி நீ சொல்லுற ஒண்டையும் கேக்க மாட்டார். போக விடவும் மாட்டார்."

ஆகவே அத்தான் கரைக்கு வந்ததும் நான் செய்த வேலை இது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, என் டொக்டர் குரலை எடுத்து, "இனித் தொடலாம் அத்தான். கூட்டம் வலைக்குள்ளை வந்திட்டுது. இப்ப இழுக்காட்டித்தான் கலையும்" என்றேன். எந்த ஆராய்ச்சியிலும் இல்லாத வசனம். என் வாயில் வந்த பொய். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "அப்பிடியோ?" என்று மட்டும் கேட்டார். முகம் கழுவி, திருநாளுக்கு வாங்கின புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, எப்ப வெளிக்கிடுறது என்று நின்றார். ஒருமுறை யோசிக்காமல் சொன்னதால் வந்த வினையைத் தீர்க்க, இன்னொருமுறை தெரிந்துகொண்டே அதே டொக்டர் கதிரையில் ஏறி இருந்தேன். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

திருநாள் முடிந்த கையோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். அத்தான் முன்னுக்குச் சாரதியோடு ஒட்டிக்கொண்டு இருந்து, பள்ளம் வரும்போதெல்லாம் "மெல்லமாய் விடும் தம்பி" என்றார். மண்கும்பான் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறும் வரை அக்கா கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னா. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்தார்கள். வெளியே வந்து, "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருந்தது, இதுக்கோ இவ்வளவும்?" என்று அக்கா சிரித்தா. அந்தச் சிரிப்பு என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

முடிவு வரக் கொஞ்ச நாள் செல்லும் என்றார்கள். நான் படிப்பிக்கத் திரும்பிப் போனேன். அங்கே செய்ததை எழுதுவதா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நான் கவலைப்பட்டவளாக மட்டும் தெரிவேன்.

ஒரு மத்தியானம், விரிவுரை இல்லாத நேரம், அறைக் கதவைச் சாத்திவிட்டு என் சதுரங்களைத் திறந்தேன். நடுவில் ஒரு சின்னக் கட்டி வைத்தேன். ஓட்டத்தின் நேரக்கோட்டில் ஒரு நாளை மண்டபக் கூட்டம் என்று குறித்தேன், பின்னால் இன்னொன்றை ஊசி குத்திய நாள் என்று குறித்தேன். கட்டியை விட்டு முதலாவது சிவப்பு எப்போது வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னமே வெளியேறியிருந்தால் என் மேல் குற்றம் இல்லை. இரண்டு நாட்களுக்கும் இடையில் வெளியேறியிருந்தால் அது என் வாயால் போனது. திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். சில ஓட்டங்களில் முன்னமே போயிருந்தது. பலவற்றில் இடையில்தான் போனது.

பெருகும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இருக்கலாம்தானே, அக்காவுடையது வேகமாகப் பெருகுகிற வகையாக இருக்கலாம் என்று எனக்கே நியாயம் சொன்னேன். முன்னமே போகிற ஓட்டங்கள் அதிகமாயின. பிறக்கும்போது வருகிற பிசகையும் கூட்டினேன். இன்னும் அதிகமாயின. இப்படியே இதைத் திருகி அதைத் திருகி, கடைசியில் எப்படி ஓடவிட்டாலும் கூட்டத்துக்கு முன்னமே சிவப்பு வெளியேறிவிடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு மாணவன் இந்த வேலையைச் செய்துகொண்டு வந்திருந்தால் எல்லோருக்கும் முன்னால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். விரும்பின விடை வரும்வரை எண்களை மாற்றுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா என்று கேட்டிருப்பேன். அந்த எண்களில் ஒன்றுகூட அக்காவின் உடம்பில் இருந்து வந்ததில்லை. எல்லாம் நான் போட்டவை. பல ஆயிரம் கட்டிகள் பொதுவாக எப்படி நடக்கலாம் என்று மட்டும் என் கணக்குச் சொல்லும். ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் எந்த நாளில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே, அக்கா பிழைப்பாவா என்று கேட்காமல், நான் தப்புவேனா என்று அதனிடம் கேட்டிருக்கிறேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திருடியைப் போலத் திரையை மூடினேன். அன்று முழுக்க ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முடிவு சொல்லுகிற நாளுக்கு நானும் போனேன். அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போனோம். டொக்டர் ஒரு இளம் பெண், நிதானமாகப் பேசுகிறவர். அக்காவின் கையைத் தொட்டு, இது புற்றுநோய்தான் என்று சொன்னார். கைக்குக் கீழே கமக்கட்டுக்குள்ளும் போயிருக்கிறது, முதலில் மருந்து ஏற்றி, பிறகு சத்திரசிகிச்சை செய்யலாம், செய்ய நிறைய இருக்கிறது, மனதை விட வேண்டாம் என்றார். அத்தான் கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றா.

டொக்டர் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய துண்டுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நாலைஞ்சு மாதத்துக்கு முன்னமே கட்டியைக் கண்டிருக்கிறீங்கள். நாள் எல்லாம் தந்திருக்கு. ஏனம்மா இவ்வளவு காலம் வராமல் இருந்தனீங்கள்? அப்பவே வந்திருந்தால் எங்களுக்கு வேலை சுகமாய் இருந்திருக்குமே."

அத்தான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அவருடைய முழங்காலில் கையை வைத்து அமத்தினா.

"எனக்கு வெக்கமாயிருந்தது டொக்டர். உடுப்பைக் கழட்டிக் காட்ட வேணுமே எண்டு. அதுதான் வரேல்லை."

டொக்டர் பெருமூச்சு விட்டார். இது அவர் தினமும் கேட்கிற பதிலாக இருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் தங்கச்சியோ? என்ன செய்யிறீங்கள்?"

"யூனிவர்சிட்டியிலை படிப்பிக்கிறன்."

"என்ன பாடம்?"

"கணக்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"படிச்ச நீங்களாவது அக்காவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டா.

"அவ சொன்னவ டொக்டர். எவ்வளவோ சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

டொக்டரின் முகம் இளகியது. உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.